வேலிக்கு வெளியே ஓர் ஊர்

ஜூன் பிறந்துவிட்டால் எங்கள் நிலையத்தில் கயிறும் சங்கிலியும் கொக்கியும் கிடங்கிலிருந்து வெளியே வந்துவிடும். அட்லாண்டிக் கடலில் ஹரிகேன் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. ஐப்பசி, கார்த்திகையில் நம் மீனவர்கள் வானத்தைப் பார்ப்பதுபோல, அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஆகஸ்ட், செப்டம்பரில் எல்லோரும் வானிலைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வட கரோலினா மாநிலத்தின் தென்கோடியில், கேப் ஃபியர் ஆறு கடலில் சேரும் இடத்தில் சவுத்போர்ட் என்று ஒரு சிற்றூர். அதை ஒட்டி நிற்கிறது பிரன்ஸ்விக் அணுமின் நிலையம். இரண்டு கொதிநீர் உலைகள்; ஒன்று 1975-லும் மற்றது 1977-லும் வணிக உற்பத்தியைத் தொடங்கியவை. குளிர்விக்கும் தண்ணீரை ஆற்றிலிருந்து கால்வாய் வழியே எடுத்து, சூடான தண்ணீரைக் கடலில் விடுகிற அமைப்பு. தரைமட்டம் கடலுக்கு மேல் சுமார் 20 அடி. நான் அங்கே பணியாற்றிய காலத்தில் புயல் என்றால் என்ன என்பதைப் புதிதாகக் கற்றுக்கொண்டேன்.

உலையை நிறுத்திவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்று வெளியில் பலர் நினைக்கிறார்கள். ஓடும் உலையை நிறுத்துவது சில நொடி வேலைதான். ஆனால் நிறுத்திய பிறகும் எரிபொருளுக்குள் உண்டான கதிரியக்கப் பொருட்கள் சிதைந்துகொண்டே இருக்கும். அந்தச் சிதைவு வெப்பத்தைத் தருகிறது. நிறுத்திய கணத்தில் முழுத்திறனில் 6, 7 சதவீதம். ஒரு நாள் கழித்தும் ஏறக்குறைய அரை சதவீதம். அரை சதவீதம்தானே என்று விட முடியாது. எங்கள் உலை ஒவ்வொன்றும் 2,900 மெகாவாட்டுக்கு மேல் வெப்பம் தருவது. அதில் அரை சதவீதம் 14, 15 மெகாவாட். அந்த வெப்பத்தை இரவும் பகலும் தண்ணீர் சுமந்துபோக வேண்டும். தண்ணீரை ஓட்டப் பம்ப் வேண்டும், பம்புக்கு மின்சாரம் வேண்டும். புயல் முதலில் அறுப்பது மின்கம்பியைத்தான். அதனால்தான் பெரும்பாலான அணுமின் நிலையங்களில் அவசர டீசல் ஜெனரேட்டர்கள் இருக்கின்றன. எங்களிடம் நான்கு இருந்தன.

அந்த டீசல் அறைக்குள் நுழைந்தால் மனசு தானாக அடங்கிவிடும். ஒரு வீட்டின் உயரத்துக்கு நிற்கிற இயந்திரம். ஓடாதபோதும் எண்ணெயும் குளிர்நீரும் சூடாகவே வைக்கப்பட்டிருக்கும். அழைத்த சில நொடிகளில் எழுந்து ஓட வேண்டும் என்பதற்காக. பக்கத்தில் அழுத்திய காற்று அடைத்த சிலிண்டர்கள். அந்தக் காற்றுதான் இயந்திரத்தைச் சுழற்றிவிடும். புயல் அறிவிப்பு வந்ததும் டீசல் பொறுப்பாளர் முதல் காரியமாக எண்ணெய்த் தொட்டியின் மட்டத்தை ஒருதரம் திரையில் பார்ப்பார், பிறகு நேரே போய் இன்னொருதரம் பார்ப்பார். அடியில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்று மாதிரி எடுத்துக் கண்ணாடிக் குப்பியில் விளக்குக்கு எதிரே பிடிப்பார். தெளிந்த பொன்னிற எண்ணெய்; அதில் ஒரு துளி நீர்கூட இருக்கக்கூடாது. அவர் குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போது யாரும் பேச மாட்டோம்.

வெளியே இன்னொரு வேலை நடக்கும். காற்று எதையெல்லாம் தூக்கி எறியும் என்று பார்த்துக்கொண்டே வளாகம் முழுக்க நடப்பது. சாரப் பலகை, குப்பைத் தொட்டி, மரத் தட்டு, இரும்புத் தகடு, தற்காலிகக் கழிவறை, தள்ளுவண்டி, சக்கரம் வைத்த அலுவலகப் பெட்டி. அன்றாடம் கண்ணில் பட்டும் மனதில் படாத பொருள்கள் இவை. பெரும் புயல் காற்றில் ஒரு மரப்பலகை மின்மாற்றியின் பீங்கான் இன்சுலேட்டரை உடைத்துவிடும். உள்ளே எடுத்துப்போக முடிந்ததை எடுத்துப்போவோம். முடியாததைச் சங்கிலி போட்டுத் தரைக் கொக்கியில் கட்டுவோம். மழைநீர் வடிகாலில் இலை அடைத்திருக்கிறதா, வெள்ளத் தடுப்புக் கதவின் ரப்பர் சரியாகப் பொருந்துகிறதா, செயற்கைக்கோள் தொலைபேசியில் சார்ஜ் இருக்கிறதா என்று பட்டியல் நீளும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்தை யாரும் விளையாட்டாகப் போட்டு நான் பார்த்ததில்லை.

இந்தப் பட்டியல் ஒரே நாளில் உருவானதல்ல. அதில் பல வரிகளுக்குப் பின்னால் 1992 ஆகஸ்ட் 24 இருக்கிறது. அன்று விடிகாலையில் ஆண்ட்ரு என்ற ஹரிகேன் தெற்கு ஃபுளோரிடாவில் கரையைக் கடந்தது. அதன் கண் டர்க்கி பாயிண்ட் அணுமின் நிலையத்துக்கு நேர் மேலாகப் போனது. மணிக்கு 230 கி.மீ.க்கும் மேற்பட்ட காற்று. உலைகளை முன்கூட்டியே நிறுத்திவிட்டிருந்தார்கள். அணு உலைக் கட்டடங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சுற்றியிருந்தவை நொறுங்கின. உயரத்தில் இருந்த தண்ணீர்த் தொட்டி சரிந்து தீயணைப்புக் குழாய்களின்மேல் விழுந்ததில் தீயணைப்பு அமைப்பே முடங்கியது. பக்கத்திலிருந்த எண்ணெய் மின்நிலையத்தின் 400 அடிப் புகைபோக்கி விரிசல் விட்டது. வெளியுலகத்தோடு இருந்த தொலைத்தொடர்பு முழுக்க அறுந்து சில மணி நேரம் நிலையம் ஊமையாக நின்றது. வெளியிலிருந்து மின்சாரம் 5 நாட்களுக்கு மேலாக வரவில்லை. அத்தனை நாளும் டீசல்கள்தான் தாங்கின.

பயிற்சி வகுப்பில் இந்த வரலாற்றை எங்களுக்குப் படம் போட்டுக் காட்டுவார்கள். எல்லோரும் தொட்டியையும் புகைபோக்கியையும் பார்ப்பார்கள். என் கண் வேறொரு படத்தில் நின்றுவிடும்: டர்க்கி பாயிண்டை அடுத்த ஹோம்ஸ்டெட் ஊரின் வான்வழிப் படம். கூரையில்லாத வீடுகள் வரிசை வரிசையாக. அந்த ஊர் இருக்கும் டேட் வட்டாரத்தில் மட்டும் 25,000-க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவை சேதமடைந்தன. டர்க்கி பாயிண்டில் அன்றிரவு ஷிஃப்டில் இருந்தவர்களில் பலருக்கு வீடு அந்தப் பகுதியில்தான். சாலை முழுக்க மரமும் கம்பியும் கிடக்க, வீடு இருக்கிறதா, மனைவி மக்கள் என்ன ஆனார்கள் என்று தெரியாமலே அவர்கள் கன்ட்ரோல் ரூமில் அளவுமானிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அணுமின் நிலையத்தைக் காப்பாற்றியது கான்கிரீட் என்று சொல்வது பாதி உண்மைதான். மறுபாதி அந்த மனிதர்கள்.

எங்கள் முறை 2018 செப்டம்பரில் வந்தது. ஃபுளோரன்ஸ் நடுக்கடலில் நான்காம் வகைப் புயலாக, மணிக்கு 240 கி.மீ. வேகத்தோடு எங்களை நோக்கித் திரும்பியிருந்தது. யார் யார் உள்ளே தங்குவது என்ற பட்டியல் பருவம் தொடங்கும்போதே போட்டிருந்தார்கள். கன்ட்ரோல் ரூம் ஆட்கள், எலக்ட்ரீஷியன்கள், பம்ப் மெக்கானிக்குகள், கதிரியக்கப் பாதுகாப்பாளர்கள், வேதியியல் ஆய்வக ஆட்கள், காவலர்கள், சமையற்காரர்கள். அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆய்வாளர்களும் எங்களோடு உள்ளேயே தங்குவார்கள். என் பெயர் பட்டியலில் இருந்தது.

அந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஓர் ஏற்பாடு இருந்தது. உள்ளே தங்கப் போகிறவர்களை முதலில் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஜன்னலுக்குப் பலகை அடிக்க, காருக்குப் பெட்ரோல் போட, குடும்பத்தை வழியனுப்ப. "வீட்டு வேலையை முடிச்சுட்டு வாங்க. மனசு வீட்டில் இருந்தா கை இங்க வேலை செய்யாது" என்றார் எங்கள் ஷிஃப்ட் மேலாளர். நானும் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒட்டுப்பலகை அடித்தோம். என் மனைவி பாஸ்போர்ட், வீட்டுப் பத்திரம், பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வயிற்றோடு கட்டிக்கொண்டாள். ராலே நகரத்தில் ஒரு சிநேகிதி வீட்டுக்குப் போவதாக முடிவு.

"ஏங்க, நீங்களும் வந்துடலாமே. மத்தவங்க பாத்துக்க மாட்டாங்களா?" என்று கார் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"எல்லாரும் அப்படிச் சொன்னா யார் பாக்கறது?" என்றேன்.

"அப்ப போன் மட்டும் எடுங்க. ராத்திரியானாலும் எடுங்க" என்றாள். பிள்ளைகள் பின்சீட்டிலிருந்து கையசைத்தார்கள்.

நிலையத்துக்குள் கட்டில்கள் வரிசையாகப் போட்டிருந்தார்கள். பயிற்சிக் கூடம் படுக்கையறையாகியிருந்தது. பல நாளுக்கான தண்ணீரும் உணவும் அடுக்கப்பட்டிருந்தன. புயல்வேகக் காற்று நிலையத்தைத் தொடும் என்று கணிக்கப்படும் நேரத்துக்குக் குறைந்தது 2 மணி நேரம் முன்பாவது உலை நின்றிருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் ஆட்கள் அதற்கும் வெகு முன்பே, செப்டம்பர் 13 அன்றே, இரண்டு உலைகளையும் நிறுத்திவிட்டார்கள். டர்பைன் சத்தம் அடங்கியதும் கட்டடமே வேறாகத் தோன்றியது. வருஷக் கணக்காகக் காதில் இருந்த ஓர் ஓசை இல்லாமல் போனதும் வெளியே காற்று எழுவது தெளிவாகக் கேட்டது.

அதற்குள் ஃபுளோரன்ஸ் தளர்ந்திருந்தது. 14-ஆம் தேதி காலை ரைட்ஸ்வில் கடற்கரையில் கரையைக் கடந்தபோது அது முதல் வகைப் புயல்தான். மணிக்கு சுமார் 145 கி.மீ. தொலைக்காட்சியில் "வகை ஒன்று" என்று கேட்டதும் கூடத்தில் பலர் பெருமூச்சு விட்டார்கள். அந்த வட்டாரத்திலேயே பிறந்து வளர்ந்த ஒரு மூத்த ஆபரேட்டர் மட்டும் தலையாட்டவில்லை. 1954-இல் ஹேசல் புயல் வந்தபோது எங்கள் நிலையத்துக்கு எதிரே இருக்கும் தீவில், லாங் பீச் என்ற கடலோர ஊரில், 357 கட்டடங்களில் 352 அழிந்தன. அந்தக் கதையைத் தன் அப்பா வாயிலாகக் கேட்டு வளர்ந்தவர் அவர். "காத்துக்குத்தான் எண் போடறாங்க. தண்ணிக்கு யாரும் எண் போடறதில்லை" என்றார். நம் துறைமுகங்களில் ஏற்றும் புயல் கூண்டு எண்ணைக் கேட்டு மழையை அளக்க முடியாது என்பதை நாம் பட்டுத் தெரிந்துகொண்டதுபோல, அவருடைய ஊரும் பட்டுத் தெரிந்துகொண்டது.

அவர் சொன்னதுதான் நடந்தது. ஃபுளோரன்ஸ் நகர மறுத்தது. மனிதன் நடக்கும் வேகத்துக்கு இறங்கி, கரையோரத்திலேயே நின்று நின்று பெய்தது. எலிசபெத்டவுன் என்ற ஊரில் ஏறக்குறைய 36 அங்குலம், அதாவது 90 செ.மீ. மழை. சென்னைக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற மழையில் பாதிக்கு மேல் அங்கே சில நாளில் கொட்டியது. அந்த ஊர் கேப் ஃபியர் ஆற்றின் மேல்பகுதியில் இருக்கிறது. அங்கே பெய்தது ஆறாக எங்களை நோக்கித்தான் வர வேண்டும். புயல் கடந்து, வெயில் அடித்து, வானம் தெளிந்த பிறகும் ஆறுகள் ஏறிக்கொண்டே இருந்தன. வில்மிங்டன் நகரத்துக்குள் வரும் சாலைகளெல்லாம் மூழ்கி அது தீவாகிவிட்டது. 40-ஆம் எண் நெடுஞ்சாலையே ஆறாக ஓடும் படத்தைப் பார்த்தோம்.

நிலையத்துக்குள் பெரிய சேதம் எதுவும் இல்லை. ஆனால் வெளியிலிருந்து வண்டியில் ஊழியர்கள் வந்து சேர வழியில்லை. அந்தக் காரணத்துக்காகவே அவசர நிலை அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவில் அணுமின் நிலைய அவசர நிலைகள் 4 படிகள். இது அவற்றில் கீழ்ப்படி, "வழக்கத்துக்கு மாறான நிகழ்வு" என்பார்கள். கேட்கிறவர்களுக்கு வியப்பாக இருந்தது: உலை குளிர்ந்திருக்கிறது, டீசல் இருக்கிறது, கதிரியக்கம் துளியும் வெளியேறவில்லை, பிறகு என்ன அவசர நிலை? உள்ளே இருந்த எங்களுக்கு அது சரியான அறிவிப்பாகவே பட்டது. ஷிஃப்ட் மாற்ற ஆள் வராத நிலையத்தில் இருக்கும் ஆட்களின் களைப்பே ஒரு அபாயம். பம்ப் பழுதானால் மாற்றுப் பம்ப் வைத்திருந்தோம். ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் 2011-இல் சுனாமி டீசல்களை மூழ்கடித்த பிறகு, எடுத்துச்செல்லக்கூடிய ஜெனரேட்டர்களையும் பம்புகளையும் புயல் தாங்கும் கட்டடத்தில் வைத்திருந்தோம். அதுவும் போதாவிட்டால் மெம்ஃபிஸிலும் ஃபீனிக்ஸிலும் உள்ள பொதுக் கிடங்குகளிலிருந்து கருவிகள் வரும். களைத்துப்போன ஆபரேட்டருக்கு மாற்று எந்தக் கிடங்கில் இருக்கிறது?

அந்த நாட்களில் கூடத்தின் ஒரு மூலையில் வெள்ளைப் பலகை ஒன்று தானாக உருவானது. மேலே யாரோ "வீடு" என்று எழுதியிருந்தார். கீழே ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே வந்துசேர்ந்த செய்தி: தண்ணீர் ஏறவில்லை, கூரை போனது, ஆட்கள் பத்திரம், இன்னும் தகவல் இல்லை. வெளியே தொடர்பு கிடைத்தவர்கள் கிடைக்காதவர்களுக்காகக் கேட்டுச் சொன்னார்கள். "தகவல் இல்லை" என்று இருந்த பெயர்க்காரர்களை முக்கியமான பணியில் தனியாக விடாமல் கூட ஒருவரைப் போட்டார் ஷிஃப்ட் மேலாளர். எந்த விதிப் புத்தகத்திலும் அந்தப் பலகை இருந்ததில்லை. நான் பார்த்த பாதுகாப்புக் கருவிகளில் அதுவும் ஒன்று என்று இன்றும் சொல்வேன்.

பிறகு மீட்பு வேலை. புயலுக்கு முன் செய்த நடையையே திரும்ப நடக்க வேண்டும். ஒவ்வொரு வடிகால், ஒவ்வொரு கதவு, ஒவ்வொரு மின்சுற்று. ஸ்விட்ச்யார்டில் இன்சுலேட்டர்கள்மேல் கடலுப்பு படிந்திருக்கும். ஈரம் பட்டால் அதன் வழியே மின்பொறி பாயும். கழுவித் துடைக்காமல் மின்னேற்றம் கொடுக்க முடியாது. கால்வாய் வாயிலின் வலையில் புல்லும் மரக்கிளையும் வந்து அடைத்திருக்கும். எடுக்க எடுக்க வந்துகொண்டே இருக்கும்.

இதையெல்லாம் முடித்து நிலையம் தயார் என்று நாங்கள் சொன்னாலும் உலையை உடனே ஓட்டிவிட முடியாது. நிலையத்தைச் சுற்றி 10 மைல், அதாவது 16 கி.மீ. வட்டத்துக்குள் இருக்கும் மக்களை அவசரத்தில் வெளியேற்ற முடியுமா என்பது முதலில் தெரிய வேண்டும். எச்சரிக்கைச் சங்குகள் ஒலிக்கின்றனவா? சாலைகள் திறந்திருக்கின்றனவா? மருத்துவமனையும் தீயணைப்பு நிலையமும் இயங்குகின்றனவா? புகலிடங்கள் ஏற்கெனவே நிரம்பிக் கிடக்கின்றனவா? ஃபெமா என்ற கூட்டாட்சிப் பேரிடர் மேலாண்மை அமைப்பு இவற்றைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இதுவும் ஆண்ட்ரு சொல்லிக்கொடுத்த பாடம்தான். டர்க்கி பாயிண்டில் ஓர் உலையைத் திரும்ப இயக்கத் தொடங்கிய பிறகு, நிலையத்துக்கு வெளியிலான அவசர ஏற்பாடுகளை ஃபெமா இன்னும் பார்த்து முடிக்கவில்லை என்று தெரிந்து அதை மறுபடி நிறுத்தினார்கள். நிலையம் நலமாக இருப்பது மட்டும் போதாது, அதைச் சுற்றியுள்ள ஊரும் எழுந்து நிற்க வேண்டும் என்ற நிலை அதற்குப் பிறகுதான் நடைமுறையாயிற்று.

இதைச் சிலர் தாமதம் என்பார்கள். நிறுத்தி வைத்த ஒவ்வொரு நாளும் பணம்தான். ஆனால் எனக்கு இந்த நடைமுறைமேல் பெரிய மதிப்பு உண்டு. ஒரு கிராமத்துத் தீயணைப்பு வண்டிக்கு டயர் இருக்கிறதா என்று கேட்ட பிறகுதான் ஆயிரம் மெகாவாட் உலை ஓடலாம் என்பது, அந்தக் கிராமத்தை நிலையத்தின் ஓர் உறுப்பாக ஏற்றுக்கொள்வது.

கல்பாக்கத்தில் வேலை பார்த்த நண்பர்களிடம் இதைச் சொல்லும்போதெல்லாம் அவர்கள் 2004 டிசம்பர் 26-க்குப் போய்விடுவார்கள். அன்று சுனாமி வந்தபோது அங்குள்ள சென்னை அணுமின் நிலையத்தின் இரண்டாவது உலை ஓடிக்கொண்டிருந்தது. கடல்நீர் பம்ப் ஹவுஸுக்குள் புகுந்தது. உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது. நிலையம் தாங்கியது. அதே அலை கடலோரத்து ஊழியர் குடியிருப்புக்குள் புகுந்து உயிர்களைக் கொண்டுபோனது. ஃபுளோரிடாவில் காற்று, கரோலினாவில் மழை, கல்பாக்கத்தில் கடல்: மூன்று இடத்திலும் தடித்த சுவருக்கு உள்ளே இருந்தது பிழைத்தது, அடி வாங்கியது வெளியே இருந்த வீடுகள்.

கல்பாக்கமும் கூடங்குளமும் தாராப்பூரும் கடலோரத்தில்தான் நிற்கின்றன. வங்கக் கடலில் வர்தா, தானே புயல்கள் வந்துபோனதைப் பார்த்தவர்கள் நாம். அந்த நிலையங்களின் சுவர் எத்தனை அடி, டீசல் எந்த உயரத்தில் இருக்கிறது என்ற கேள்விகளைப் பொறியாளர்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள், கேட்கவும் வேண்டும். அவற்றோடு இன்னும் சில கேள்விகளும் திட்டத்தில் எழுதப்பட வேண்டும் என்பது என் ஆசை. ஷிஃப்டில் தங்குகிறவரின் குடும்பம் அன்றிரவு எங்கே படுக்கும்? அவர்கள் பத்திரம் என்ற செய்தியை அவருக்கு யார் கொண்டுவந்து சொல்வார்கள்? மூன்றாம் நாள் அவரை விடுவிக்க வரும் ஆள் எந்தச் சாலை வழியாக வருவார்? பக்கத்துக் குப்பத்தின் படகுக்காரர்களுக்கு அந்தத் திட்டத்தில் இடம் உண்டா? இவற்றுக்குப் பெயரோடும் தொலைபேசி எண்ணோடும் பதில் இருக்கிற நிலையத்தைத்தான் நான் தயாரான நிலையம் என்பேன்.